நடுமுடிச்சு

புதுக் கயிற்றில் முடிச்சு இருந்தது.

நாம்சே சந்தைக் கடையிலிருந்து வந்த உறையை டோமா தன் கையாலேயே கிழித்துப் பிரித்திருந்தாள். சுருளைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதப் பட்டைகூட அதுவரை அறுபடவில்லை. வழக்கம்போல ஒரு நுனியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்குள் கயிற்றை ஓடவிட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். கயிறு பார்ப்பது கண்ணால் ஆகிற வேலை இல்லை. மேலுறைக்குள் எங்கே நைந்திருக்கிறது, எங்கே சத்தில்லாமல் தொளதொளக்கிறது என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். பாதிக் கயிறு வழுக்கிக்கொண்டு போன பிறகு விரலில் ஒரு கட்டி இடித்தது. கண்ணைத் திறந்தாள். கயிற்றின் நடுவை அடையாளம் காட்டுகிற கறுப்புக் கோட்டின் மேலேயே, ஒரு வளையம் விட்டு இறுக்கிப் போட்ட நடுமுடிச்சு.

இரண்டு பேர் ஏறுவதானால் நுனிக்கு ஒருவராகக் கட்டிக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்தால்தான் கயிற்றின் நடுவில் இப்படி ஒரு முடிச்சைப் போட்டு, அந்த வளையத்தில் அவரைக் கொக்கியால் மாட்டுவார்கள். டோமாவும் அவள் தம்பி ரிஞ்சியும் ஆக இரண்டே பேர்தான் போகிறார்கள். மூன்றாம் ஆளுக்கு இங்கே என்ன வேலை?

"பாவி, பழைய கயித்த புதுசுன்னு என் தலையில கட்டிட்டான்," என்று கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். அது லேசில் அவிழவில்லை. ஒரு ஆளின் எடை தொங்கினால்தான் முடிச்சு அப்படி இறுகும். பல்லால் கடித்து இழுத்தபோது உதட்டில் ஈரம் பட்டது, பனி உருகிய ஈரம்.

அன்று காலையிலிருந்தே எதுவும் உருப்படியாக நடக்கவில்லை. நாளை மறுநாள் மலையேற்ற வழிகாட்டித் தேர்வு. உறைந்த அருவியில் ஏறிக் காட்டுவதற்கு முன்பே, கொண்டுவந்திருக்கிற சாமான்களைத் தரையில் பரப்பச் சொல்லி, இந்தக் கயிறு ஏன், ஐஸில் கொத்தி ஏற இந்தக் கோடரி ஏன் என்று கேட்டுத் துளைப்பார்கள். போன வருஷம் அந்த இடத்தில்தான் டோமா கோட்டை விட்டாள். ஏறவே விடாமல், உன் கயிறு இந்த ஐஸுக்கு ஆகாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த முறை அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் சாமான்கள் அவளோடு ஒத்துழைக்கத் தயாராக இல்லை. அவளுடைய கோடரிகளின் அலகு மழுங்கிக் கிடந்தது. காட்மாண்டுவிலிருந்து வரவழைத்த புது அலகுகளின் துளை பொருந்தவில்லை. தீட்டலாம் என்றால் அரத்தைக் காணோம், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போனதோடு சரி. ஐஸுக்குள் முறுக்கி இறக்குகிற திருகுகளில் பாதிக்கு வாய் போய்விட்டது. பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற முள்சட்டங்களில் ஒன்றின் வார் அறுந்து தொங்கியது. தன் தலையெழுத்தை நினைத்து அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

நல்லதாக இருந்தது ஒரே ஒரு ஜோடிக் கோடரிதான். அவள் புருஷன் கெல்சாங்கின் கோடரிகள்.

இறந்துபோனவரின் உடைமைகளை நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குள் தானம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். கெல்சாங்கின் மேல்கோட்டு, பூட்ஸ், ஜபமாலை, படுக்கை எல்லாவற்றையும் டோமா கொடுத்துவிட்டாள். கோடரிகளை மட்டும் கொடுக்கவில்லை. இவ்வளவு நல்ல எஃகை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா என்று யாரும் கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு, கீழ்த்தளத்துச் சாமான் அறையில் ஆணியில் மாட்டிவைத்தாள். இரண்டு வருஷமாக அவை அங்கேயே தொங்கின.

அன்று காலை ஸ்தூபிக்கு முன்னால் பூஜை. மலையேறப் போகிறவர்கள் தங்கள் கோடரிகளைச் சாய்த்துவைத்து, ஜூனிபர் இலைப் புகை காட்டி, மாவு தூவி, மலைத்தாயிடம் அனுமதி கேட்பார்கள். ஒரு ஜோடிக் கோடரி என்றால் ஒரு ஆள், அதுதான் அங்கே கணக்கு. எதை எடுத்துக்கொண்டு போவது, தன்னுடையதையா, அவனுடையதையா என்று கடைசி நிமிஷம் வரை டோமாவுக்குத் தீர்மானம் வரவில்லை. சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஜோடியையும் வாரிக்கொண்டு போய்விட்டாள். ரிஞ்சியினுடையது ஒரு ஜோடி. லாமா நிமிர்ந்து பார்த்து, "மூணு பேரா?" என்று கேட்டார். காற்று காதைக் கிழித்துக்கொண்டிருந்தது, புகை கண்ணைக் கரித்தது, பக்கத்தில் ரிஞ்சி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா ஆமா. நீங்க ஆரம்பிங்க லாமா," என்றாள் டோமா.

அவர் ஆரம்பித்தார். மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து இருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் விட்டுவிடக் கூடாது என்று மலைத்தாயிடம் மூன்று முறை வேண்டிக்கொண்டார். டோமாவின் கவனம் காணாமல்போன அரத்தில் இருந்தது.

"அக்கா, இன்னுமா கயித்த தடவிக்கிட்டு இருக்க? குழந்தைய குளிப்பாட்டுற மாதிரி இருக்கு." ரிஞ்சி உருளைக்கிழங்கு ரொட்டியை மென்றுகொண்டே ஏணிப்படியில் இறங்கிவந்தான். இருபத்து நான்கு வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் டோமா. அவளுக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். தேர்வுக்குக் கூட வருகிறேன் என்று அவன் சொன்னபோதுகூட, நீ ஏறும்போது கயிற்றை என் கையில்தான் விட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தாள்.

"இந்தக் கயிறு வேணாம்டா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்ப பழசு?"

பழசைப் பிரித்தாள். மேலுறை பூனை பிறாண்டினாற்போலச் சிலும்பிக் கிடந்தது. இன்னொன்று மெல்லிசு, அதன் ஜோடிக் கயிறு இல்லாமல் அது தனியாக எதற்கும் உதவாது. மூன்றாவது கயிறு தண்ணீர் குடித்துக் குடித்து விறைத்துப்போய், குளிரில் கம்பிபோல நிற்கிற ஜாதி. ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் எறிந்தாள். கடைசியில் போக்கிடம் இல்லாமல் புதுக் கயிற்றிடமே திரும்பி வந்தாள். மறுபடியும் நுனியிலிருந்து தடவிக்கொண்டு போனாள். கறுப்புக் கோடு வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

கட்டி.

கோட்டைத் தாண்டி, மறு நுனியின் பக்கமாகச் சற்றுத் தள்ளி, அதே முடிச்சு. அதே இறுக்கம். வளையத்தின் உள்விளிம்பில் பனித்துகள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"டேய்! விளையாடுறதுக்கு ஒரு நேரம் காலம் இல்ல?"

"என்னது?"

"இது நீ போட்டதுதானே?"

ரிஞ்சி ரொட்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். விரல் முழுக்க வெண்ணெய். "இந்தக் கையோட உன் புதுக் கயித்த தொட்டிருந்தா நீ என்னைய உயிரோட விட்டிருப்பியா? நீயே ஞாபகம் இல்லாம போட்டிருப்ப. ராத்திரியெல்லாம் தூங்காம ஒக்காந்திருந்தா இப்படித்தான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கை பழகிப்போய்த் தன்னையறியாமல் போட்டிருப்போமோ என்று ஒரு கணம் நம்பப் பார்த்தாள். தடுப்புக்கு அப்பால் தொழுவத்தில் சடையெருமை கனைத்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தது. சாமான் அறையில் எப்போதும் இருக்கிற வைக்கோல் வாசனை, சாண வாசனை, மண்ணெண்ணெய் வாசனை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பனியாற்றின் வெடிப்புக்குள் குனிந்து பார்க்கும்போது முகத்தில் அடிக்குமே, வெயிலே படாத கல்லும் பழைய ஐஸும் கலந்த வாசனை, அது. சுவரில் தொங்கிய கோடரிகள் காற்று இல்லாமலே ஒன்றோடொன்று உரசி, மெலிதாக, விட்டுவிட்டு ஒலித்தன.

கெல்சாங் போனதும் ஒரு நடுமுடிச்சிலிருந்துதான்.

இரண்டு இலையுதிர் காலங்களுக்கு முன், கணவாய்க்குக் கீழே பனியாற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் டோமா, கடைசியில் ரிஞ்சி, நடுவில் கெல்சாங். மூடுபனியில் முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருக்கையில் கயிறு லேசாகிவிட்டதுபோல் டோமாவுக்குப் பட்டது. நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ரிஞ்சி வந்தான். இருவருக்கும் நடுவில் பனியின் மேல் முடிச்சு கிடந்தது, போட்டது போட்டபடி, வளையம் காலியாக. வெடிப்பு எதுவும் திறந்திருக்கவில்லை. விலகிப் போன காலடித் தடம் இல்லை. ஊரே திரண்டு தேடியும் ஒரு கையுறைகூட அகப்படவில்லை. தானே கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய் எங்கோ பனியில் செத்திருக்கிறான் என்றுதான் எல்லாரும் முடிவுகட்டினார்கள். அவன் விழுந்து செத்திருந்தால் டோமா கதறி அழுதிருப்பாள். கழற்றிக்கொண்டு போனவனுக்காக அழ அவளுக்கு மனம் வரவில்லை. கோபம்தான் வந்தது, இரண்டு வருஷமாகியும் அது தணியவில்லை.

முடிச்சை மறுபடியும் அவிழ்த்தாள். இந்த முறை கயிற்றை மடியிலிருந்து இறக்காமல் அங்கேயே உட்கார்ந்து, முழு நீளத்தையும் வெளிச்சத்தில் பார்த்து, தானே சுருட்டி, தானே கட்டி, பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்துக் கையை நீட்டினாள். கை பட்ட இடம் புடைத்திருந்தது.

சுருளுக்குள். நுனியை நோக்கி. இன்னும் அருகில்.

ஏறுகிறவர் கையை மாற்றி மாற்றி வைத்துக் கயிற்றைப் பிடித்து மேலே வருவதுபோல, முடிச்சு ஒவ்வொரு தடவையும் நடுவை விட்டு ஒரு நுனியை நோக்கி வந்துகொண்டிருந்தது. எந்த நுனி என்று பார்த்தாள். ரிஞ்சி கட்டிக்கொள்வதற்காகச் சிவப்புப் பட்டை சுற்றிவைத்திருந்த நுனி.

"ரிஞ்சி, இங்க வா. ஒண்ணு சொல்லணும். காலைல லாமா மூணு பேரான்னு கேட்டாரே, நான் ஆமான்னு சொல்லிட்டேன்டா."

"அதுக்கு?"

"உங்க அத்தான் கோடரியும் அங்க இருந்துச்சு."

ரிஞ்சி சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். "அக்கா, அந்த மனுஷன் உயிரோட இருந்தப்பவே கூப்பிட்ட இடத்துக்கு வரமாட்டாரு. இப்பத்தான் வரப்போறாரா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா லாமாகிட்ட போய் இன்னொரு வாட்டி செய்யச் சொல்லலாம்," என்றான். லாமா பூஜை முடிந்த கையோடு பாங்போச்சே ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார், நாளை மாலைதான் வருவார். நாளை மாலை வரை காத்திருந்தால் கயிற்றையும் கோடரியையும் ஐஸில் போட்டுப் பார்க்காமலே தேர்வுக்குப் போக வேண்டும். பார்க்காத சாமானோடு போனால் போன வருஷக் கதைதான்.

டோமா கத்தியை எடுத்தாள். முடிச்சு இருந்த துண்டைக் கயிற்றிலிருந்து வெட்டி எடுத்து, மேலே அடுப்பில் போட்டு, அது பொசுங்கி நாறும்வரை நின்று பார்த்தாள். கயிறு குட்டையானது. பரவாயில்லை, ஊருக்குப் பின்னால் இருக்கிற சிறிய அருவிக்கு இது போதும், தேர்வுக்கு யாரிடமாவது இரவல் கேட்கலாம், கோடரியையும் திருகையுமாவது இன்று ஐஸில் பார்த்துவிட வேண்டும். வெட்டிய நுனியைச் சுட்டு, சிவப்புப் பட்டையைச் சுற்றி, ஜன்னலோரம் வெயிலில் கயிற்றை முழுக்க விரித்துத் தடவினாள். ஒரு முடிச்சும் இல்லை. அவளுக்குத் தன் பயத்தின் மேலேயே கோபம் வந்தது. படித்த பெண், இமயத்தில் ஏறுகிறவள், கயிற்றைக் கண்டு நடுங்குகிறாள் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். கிளம்பலாம் என்றாள்.

அருவியடியில் பையைத் திறந்தபோது அவளுடைய கோடரிகள் அதில் இல்லை. கெல்சாங்கினுடையவை இருந்தன.

"உன்னோடது மழுங்கிப் போச்சுன்னு நீதானே அழுத? அதான் இத வெச்சேன்," என்றான் ரிஞ்சி.

அவனை அறையலாம்போல் இருந்தது. திரும்பிப் போய் எடுத்துவர நேரமில்லை. குளிர்காலத்து வெயில் ஏற்கெனவே எதிர்ச்சரிவுக்குப் போய்விட்டது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து பால் பொங்குவதுபோல மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. டோமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ரிஞ்சி கட்டிய சிவப்பு நுனியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏற ஆரம்பித்தாள்.

ஐஸ் நீலமாக, கண்ணாடிபோல் கடினமாக இருந்தது. இந்த மாதிரி ஐஸில் கோடரியை ஓங்கி ஓங்கிக் கொத்தினாலும் சில்லு தெறிக்குமே தவிர அலகு இறங்காது. கெல்சாங்கின் கோடரி முதல் வீச்சிலேயே இறங்கியது. இரண்டாவது அதைவிட எளிதாக. பாதி உயரத்தில் அவள் கவனித்தாள், அலகு ஐஸைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே உள்ளே போய்விடுகிறது. உள்ளேயிருந்து யாரோ வாங்கிப் பிடித்துக்கொள்வதுபோல. ஒவ்வொரு தடவையும் பிடுங்கத்தான் கஷ்டமாக இருந்தது. கோடரிகளைப் பார்க்காமல், பூட்ஸை மட்டும் பார்த்துக்கொண்டு மீதியை ஏறி முடித்தாள்.

அருவியின் தலையில் பாதி அறை அளவுக்குப் பனித்தளம். ஐஸில் இரண்டு திருகுகளை முறுக்கி இறக்கினாள், வாய் போகாத நல்ல திருகுகள். ஒன்றோடொன்று வாரால் இணைத்து, அந்த வாரில் தன்னை மாட்டிக்கொண்டாள். கயிறு கீழே ஓடாமல் தடுக்கிற பிடிதட்டில் அதைக் கோத்து, "வா!" என்று கத்தினாள். மூடுபனி விளிம்பைத் தாண்டி மேலே வந்துவிட்டது. கீழே எதுவும் தெரியவில்லை. கயிறு தளர்ந்தது, அவள் இழுத்துக்கொண்டாள். தளர்ந்தது, இழுத்துக்கொண்டாள். கீழிருந்து கோடரி கொத்துகிற சத்தம் சீராக வந்தது. இழுத்த கயிறு காலடியில் குவியலாகச் சேர்ந்தது. உள்ளங்கையில் முடிச்சு எதுவும் இடிக்கவில்லை. நாள் முழுக்க இறுகிக் கிடந்த தோள்கள் முதன்முறையாக இறங்கின. நல்ல கயிறுதான், வீணாக வெட்டிவிட்டோமே என்றுகூட நினைத்தாள்.

கொத்துகிற சத்தம் நின்றது.

"என்னடா?"

கயிற்றில் முழு எடையும் தொங்கியது. பிடிதட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அக்கா, யார்கிட்ட பேசிக்கிட்டு இருக்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. வலது பக்கத்தில், அருவியில் ஏறாமல் நடந்தே மேலே வருகிற சுற்றுவழி மூடுபனிக்குள்ளிருந்து வந்து சேருகிற இடத்தில் ரிஞ்சி நின்றுகொண்டிருந்தான். அதே ஹெல்மெட், அதே பச்சைச் சட்டை. "கால்ல முள்சட்டம் கழண்டுடுச்சு. கீழயே கயித்த அவுத்துட்டு சுத்துவழியா வந்துட்டேன்," என்றான்.

டோமா அவனைப் பார்த்தாள். கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். கயிறு விளிம்பைத் தாண்டி நேராகக் கீழே இறங்கியிருந்தது. நரம்புபோல் விறைத்து. எடையோடு.

"அப்ப இதுல யாரு?"

அவன் முகம் வெளிறியது. "அவுத்துட்டுத்தான் வந்தேன்," என்றான். "சத்தியமா அவுத்துட்டேன் அக்கா."

"அக்கா!" கீழேயிருந்து. ரிஞ்சியின் குரல். "ஏன் நிறுத்திட்ட? கோடரி மாட்டிக்கிச்சு, எடுக்க வரல. கை மரத்துப் போச்சு. இழு!"

பக்கத்தில் நின்றவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"அறுத்துடு அக்கா. அது நான் இல்ல."

"யாரு அது மேல? அக்கா, உன்கூட யாரு?"

"அறுத்துடு!"

ஏதாவது கேட்க வேண்டும். ரிஞ்சிக்கு மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் அவன் கட்டிக்கொண்டு தூங்கிய செத்த கன்றின் பெயர். கேட்டாள். இரண்டு பேரும் சொன்னார்கள். ஒரே பெயர், ஒரே நேரத்தில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கேட்டுப் பயனில்லை. படுக்கையில், குளிர்கால இரவுகளில், புருஷனிடம் அவள் சொல்லாத கதை எது? ரிஞ்சியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எல்லாம் கெல்சாங்குக்கும் தெரியும்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கயிறு ஒரு முழம் வழுக்கியது. கையுறை சூடானது. பிடிதட்டுக்குக் கீழே, விளிம்பில், கயிற்றில் ஏதோ திரண்டுகொண்டிருந்தது. இல்லை. நிழல். இல்லை, முடிச்சேதான். மேலே வருகிறது.

"அக்கா, வலிக்குது. இழேன்!"

"அத மேல வரவிடாத அக்கா. வந்துட்டா நம்ம ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

நாள் முழுக்கத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் களைத்த கை. எதுவுமே சரியாக அமையாத நாள். போதும். கண்ணெதிரே நிற்பவனை நம்பாமல் பனிக்குள்ளிருந்து வரும் குரலையா நம்புவது? கத்தியை உருவினாள். விறைத்த கயிறு தொட்டவுடன் அறுந்தது.

கீழே போனது கத்தவில்லை. "அக்கா," என்றது, ஒரே ஒரு தடவை, குழப்பமாக, அவள் ஏன் அடித்தாள் என்று புரியாத குழந்தையைப் போல. பிறகு ஹெல்மெட் ஐஸில் மோதிய சத்தம். இன்னும் கீழே, இன்னொரு சத்தம். அப்புறம் எதுவும் இல்லை.

கத்தி டோமாவின் கையிலிருந்து நழுவியது. "ரிஞ்சி," என்று திரும்பி, பக்கத்தில் நின்றவனிடம் கையை நீட்டினாள்.

அவன் நின்ற இடத்தில் புதுப்பனி கலையாமல் இருந்தது. சுற்றுவழியிலும். அவன் வந்த தடமே இல்லை.

அவன் முகத்தில் பயம் துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. ரிஞ்சியின் முகம்தான். ஆனால் அதற்குள்ளிருந்து பார்த்த பார்வையை அவளுக்குத் தெரியும். பல வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்தவள். அவன் குனிந்து, பிடிதட்டிலிருந்து கயிற்றை உருவி, அறுந்த நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். அவசரமே இல்லாமல். பிறகு திரும்பி நடந்தான். ஊர்ப்பக்கம் இல்லை. மேலே, பனியாற்றின் பக்கம்.

காலடியில் கிடந்த குவியல் சுற்றுச் சுற்றாகக் குறைந்தது. மறுநுனி அவள் இடுப்பில். அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு உறைந்துவிட்டது. விரல் கேட்கவில்லை. கத்தி? விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

கடைசிச் சுற்றும் போனது. கயிறு பனியிலிருந்து எழும்பி மூடுபனிக்குள் நேராக நின்றது. மெதுவாக இழுத்தது. கூட நடக்க வேண்டியவளைக் கூப்பிடுவதுபோல. அவளை வார் பிடித்து நிறுத்தியது. வாரை இரண்டு திருகுகள் பிடித்து நின்றன.

பக்கத்துத் திருகு ஒரு சுற்றுத் திரும்பியது. யாரும் தொடவில்லை.

இன்னொரு சுற்று. ஐஸ் பொடி உதிர்ந்தது. திருகு கழன்று, வாரில் தொங்கி, ஐஸில் ஒரு தடவை தட்டியது.

டோமா பல்லால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டாவது திருகை வெறும் கையால் இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. தன் பலத்தையெல்லாம் கூட்டி உள்ளே முறுக்கினாள். அது அவள் கைக்குள்ளேயே, தோலையும் இழுத்துக்கொண்டு, மறுபக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது.